கட்டைவிரல் கட்டு

எங்கள் தொடரில் வாரத்துக்கு ஒருவர் சாக வேண்டும். 'கரிநகரக் கொலைகள்' என்று பெயரை வைத்துவிட்டு, ஒரு வாரம் யாரும் சாகாமல் போனால் நிலக்கரிச் சுரங்க ஊரான எங்கள் எனுகு ஜனங்கள் எங்களைத் தெருவில் நடக்க விடமாட்டார்கள். இதுவரை குத்தியிருக்கிறோம், கழுத்தை நெரித்திருக்கிறோம், கிணற்றில் தள்ளியிருக்கிறோம், கிழங்கு இடிக்கும் உலக்கையால் மண்டையைப் பிளந்திருக்கிறோம். ஒன்றாவது எங்கள் சொந்தச் சரக்கா என்றால் இல்லை. எல்லாம் உருவியது.

என் பெயர் டூபெம். ஒலிப்பதிவு என் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்பவன் என்பதால், எவன் சொந்தமாக யோசிக்கிறான், எவன் புளுகுகிறான் என்று எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். எங்கள் எழுத்தாளன் கோசி இருக்கிறானே, அவன் பழைய கொலைப் பட வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்ப்பான். அடுத்த நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “ஒரு யோசனை வந்துச்சு” என்பான். பழைய படத்தில் மைத்துனன் கொன்றிருந்தால் இவன் கதையில் மைத்துனி கொல்வாள். அங்கே விஷம் சூப்பில் இருந்தால் இங்கே பனங்கள்ளில் இருக்கும். அந்தப் பழைய படமும் அதற்கு முந்தைய ஒன்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

தொடரில் அசல் என்று ஒன்று இருந்தால் அது எக்கேமாவின் ரத்தம். காயங்களும் பிணங்களும் அவள் பொறுப்பு. சொபோ என்கிற சிவப்புப் புளிச்சைப் பூவைக் காய்ச்சி, சோளமாவு கரைத்து, கொஞ்சம் கோக்கோ தூள், மேலே பளபளப்புக்கு இரண்டு சொட்டு பாமாயில். லாகோஸிலிருந்து வரும் ஒப்பனைக்காரர்கள் கடையில் வாங்கிய சிவப்பைக் கொட்டுவார்கள். “அது ரத்தமா, ஃபாண்டாவா?” என்று கேட்டு விரட்டிவிடுவாள். ரத்தம் காயும்போது ஓரம்தான் முதலில் கறுக்கும் என்பதை அவள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் வேண்டாம் என்றவள், கோபம் வந்தால் கை முந்தும். செத்துக்கிடக்க வரும் துணை நடிகர்களிடம், “கண்ணை இறுக்க மூடாதே தம்பி. செத்தவன் கண்ணை மறந்துபோய் அப்படியே விட்டுட்டுப் போவான்” என்பாள். எங்கே பார்த்தாள் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவள் கொலை நாடகம் எதையும் பார்க்க மாட்டாள், எங்கள் தொடரைக்கூட. காயம் செய்வதோடு அவள் கடமை முடிந்தது.

அந்த வாரம் வந்த கதையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொல்கிறார்கள். காட்சித்தாளை எக்கேமாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன், அவள் கை சாயத்தில் இருந்ததால். “கழுத்தில் இரண்டு வெட்டு. கொலையாளி மண்டியிட்டு, இறந்தவரின் துணிக் கரையைக் கிழித்து, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறான்.”

அவள் கையிலிருந்த கிண்ணம் விழுந்து என் கால்சட்டையெல்லாம் சிவந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை. ஜெனரேட்டர் பக்கம் கோசி அலறும் சத்தம் கேட்டது.

அவனைத் தகரச் சுவரில் சாத்தி, கழுத்தில் இடது கையை அழுத்திப் பிடித்திருந்தாள். வலது கையில் இளநீர் வெட்டும் நிஜக் கத்தி.

“கட்டைவிரல் கட்டு எங்கிருந்து வந்துச்சு?”

“நா... நானே யோசிச்சேன் ஆன்ட்டி.”

“மூளையிலருந்தா? திறந்து பார்த்துடுவோமா?” கத்தி முனை அவன் காதோரம் லேசாகக் கீறியது. நிஜ ரத்தம் ஒரு கோடாக இறங்கியது.

“லாகோஸ் சீரியல்! லாகோஸ் சீரியல் ஆன்ட்டி, பழசு, எல்லாரும் பார்த்தது! அம்மா சத்தியமா! அதில தங்கச்சியைக் கொல்லுவான், நான் நீதிபதியா மாத்தினேன். அவ்ளோதான்!”

நானும் டைரக்டர் ஃபெஸ்டஸும் சேர்ந்து அவளைப் பிரித்து இழுத்தோம். ஃபெஸ்டஸ், “பைத்தியமாடி உனக்கு? கொலைப் படத்துக்கு எழுதறவன் கொலையைத்தான் எழுதுவான்” என்று கத்தினார். அவள் என் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே போனேன். கேபிள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் அதைச் சொன்னாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அம்மா உரிதியா, எனுகுவின் கோல் கேம்ப் பகுதியில் அகாரா என்ற பயறு வடை சுட்டு விற்றவள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், அறைக்கொரு குடும்பம். எக்கேமாவுக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்ததும் பயறு அரைக்க ஆலைக்குப் போய்விட்டு, மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கதவு சாத்தியிருந்தது. மழை தகரக் கூரையில் அடித்ததில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அம்மா தரையில் மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் இரண்டு வெட்டு. தோளில் ஒன்று, எலும்பு தெரிய. ஒரு காது தொங்கியது. சுவரில் ரத்தம் அவள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. அடுப்பில் எண்ணெய் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளும் மார்பில் சேர்த்து வைக்கப்பட்டு, கட்டைவிரல்கள் அவள் இடுப்புத் துணியின் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

“அதனாலதான் அவளால எந்திரிக்க முடியலன்னு நினைச்சேன் டூபெம். அந்தக் கட்டை அவிழ்த்தா எந்திரிச்சுடுவான்னு. விரல்ல வரல. பல்லால கடிச்சு அவிழ்த்தேன். வாயெல்லாம் உப்பு. துணித்துண்டை சாக்கடையில போட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஆளுங்க வந்தாங்க.”

திருடர்கள் வேலை என்றார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதியது. கட்டைவிரலைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிணத்தைத் தொட்டதற்கு அடி விழும் என்று முதலில் பயம். பிறகு கேட்பாரே இல்லை.

எங்கள் பக்கத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவரை வெறுங்கையோடு புதைப்பதில்லை. கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்து, 'உன்னைக் கொன்றவனை நீயே போய்க் கண்டுபிடி' என்று சொல்லித்தான் மண் தள்ளுவார்கள். உரிதியாவின் அண்ணன்மார்கள் மாதா கோயிலே கதி என்று கிடந்தவர்கள். பாதிரியார் திட்டுவார் என்று கத்தியை விட்டுவிட்டு ஜெபமாலையை வைத்தார்கள். கத்தி வைக்க மாட்டார்கள் என்று கொன்றவனுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க நியாயமில்லை. செத்தவள் கை கத்தியைப் பிடிக்கக் கூடாது என்று, அவனே ஒரு வழியை யோசித்திருக்கிறான். கட்டைவிரல் இல்லாமல் எந்தக் கையும் கத்தி பிடிக்காது.

“அந்தக் கட்டு கட்டினவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்” என்றாள். “அது எப்படி கோசி பய வாய்க்கு வந்துச்சு? ஒருத்தன் சொல்லியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். மத்தபடி எனக்கு எதுவும் வேணாம்.”

அன்று முதல் நாங்கள் பின்னோக்கிப் போனோம். லாகோஸ் தொடரை எழுதியவருக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில், “ஆமா, அந்தக் காட்சிக்கு எனக்கு விருதே கிடைச்சுது தெரியுமா?” என்று அலட்டினார். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், “சரி விடுங்க, ஒனிட்சாக்காரன் எடுத்த ரெண்டு பாகப் படத்திலருந்து எடுத்தேன். அவன் மட்டும் யோக்கியனா?” என்றார். ஒனிட்சாக்காரர் இப்போது மோட்டார் உதிரிபாகம் விற்கிறார். கடையில் பிஸ்டன்களுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தார். “படத்தில ரத்தம் போதலன்னு வியாபாரிங்க திட்டினாங்க. சின்ன வயசில டிவியில ஒரு போலீஸ் நாடகம் பார்த்திருந்தேன். அந்தக் கட்டு மனசில நின்னுடுச்சு. தூக்கிட்டேன். நல்லா ஓடுச்சு!”

அந்தப் போலீஸ் நாடகம் உரிதியா செத்து இரண்டு வருடம் கழித்து எனுகு தொலைக்காட்சியில் வந்தது. அதை இயக்கியவர் அபக்பா என்ற ஊரில் இருந்தார். கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். கட்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“நாடே திருடிடுச்சு என்கிட்டருந்து. ஒரு பய பேர் போட்டானா? ஒரு பய?”

“நீங்க யோசிச்சதா அப்பா?” என்று கேட்டாள் எக்கேமா. அவள் குரல் தணிந்திருந்தது.

அவர் தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். “உன்கிட்ட எதுக்கு மறைக்கணும். நான் எழுதினது வெட்டிட்டு ஓடறதோட சரி. ஒத்திகையில அந்தப் பையன் ஓடல. மண்டி போட்டான். அந்தப் பொண்ணோட துணியைப் பல்லால கிழிச்சான், விரலைக் கட்டினான். கேமராக்காரன் மூச்சு விடல. ஏன்டா இப்படின்னு கேட்டேன். ‘செத்தவ கத்தி பிடிக்கக் கூடாதுல்ல ஓகா’ன்னான். நடிப்புன்னா அது நடிப்பு. லாரன்ஸ் உடேஸேன்னா சும்மாவா?”

எக்கேமா எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே நின்றுதான் அவன் யாரென்று என்னிடம் சொன்னாள். லாரன்ஸ் உடேஸே அந்தக் கோல் கேம்ப் முற்றத்தின் கடைசி அறையில் குடியிருந்தவன். குமாஸ்தா வேலை, மாலையில் நாடகம். உரிதியாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். புதைத்த அன்று, “அழாதே செல்லம்” என்று எக்கேமா கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தவன். இப்போது தலை நரைத்து, திருச்சபைப் பட்டமெல்லாம் வாங்கி, தொலைக்காட்சியில் நல்ல தகப்பனாகவும் நேர்மையான நீதிபதியாகவும் வந்து ஊரை அழவைக்கிறான். எங்கள் கதையில் சாகப்போகும் நீதிபதி வேஷமும் அவனுக்குத்தான். அந்தக் காலத்து நாடகத்தில் கட்டியவனையே இப்போது கட்டுண்டு கிடக்க வைத்தால் பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள் என்று ஃபெஸ்டஸ் எங்களிடம் சொல்லாமலே கணக்குப் போட்டிருந்தார்.

“போலீசுக்குப் போவோம் அக்கா” என்றேன்.

“போய் என்னத்தைச் சொல்றது? நல்லா நடிச்சான்னா?”

படப்பிடிப்பு ஒரு பழைய பங்களாவில். எக்கேமா அவன் கழுத்தில் மெழுகு வைத்து, வெட்டைப் பிளந்து, ரத்தம் ஊற்றினாள். நான் அவன் சட்டைக்குள் மைக் பொருத்தியிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“அழகா வெட்டிவிடு மகளே. கிழவன்னு பார்க்காதே” என்று சிரித்தான். “எந்த ஊர் உனக்கு?”

“இங்கதான்.”

அவள் துணிக் கரையைக் கிழித்து எடுத்ததும் அவனாகவே கைகளை நீட்டினான். “இந்தக் கட்டு நான் கண்டுபிடிச்சது, தெரியுமா? இப்ப எவனெவனோ போடறான். ஒருத்தனுக்கும் கட்டத் தெரியல. அப்படி இல்லம்மா. குறுக்கால ஒரு சுத்து, அப்புறம் நடுவில விட்டு வாங்கணும். ம். இன்னும் இறுக்கு.”

இறுக்கினாள். நான் தவறி ஒலி அளவைத் திருகிவிட்டேன். ஃபெஸ்டஸ் ஆரம்பிக்கச் சொன்னார். கேமரா கூரை உயரத்திலிருந்து மெதுவாக இறங்கியது. எக்கேமா சட்டகத்துக்கு வெளியே, அவன் தலைமாட்டில், ரத்தம் ஊற்ற மண்டியிட்டிருந்தாள். நீதிபதி செத்துக் கிடந்தான். அப்போது அவள் குனிந்து முணுமுணுத்தாள்.

“லாரன்ஸ் மாமா, நான் உரிதியா மக. நீ போட்ட கட்டை ஆளுங்க வர்றதுக்குள்ள பல்லால அவிழ்த்துட்டேன். துணிக்குள்ள கத்தியும் வெச்சேன். எங்கம்மா கத்தியோடதான் போனா.”

என் காதில் அவன் மூச்சு நின்றது. பிணத்தின் கண்கள் திறந்தன.

“எந்தக் கையில?” என்றான்.

அடுத்த நொடி கட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து ஓங்கி அவள் தாடையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. இன்றும் அது போகவில்லை. அவள் சாய்ந்ததும் மேலே ஏறி, கட்டிய கைகளை அவள் தலை வழியே வளையமாக மாட்டிக் கழுத்தை நெரித்தான். அறுபதைத் தாண்டியவனுக்கு அவ்வளவு பலம். அவள் நகம் அவன் முகத்தில் நான்கு கோடு கிழித்தது. அவன் அவள் புருவத்தைக் கடித்துப் பிய்த்தான். சொபோ ரத்தத்தில் நிஜ ரத்தம் கலந்தது. ஃபெஸ்டஸ், “நிறுத்தாதே! ஓடட்டும்! என்னமா நடிக்கிறார்!” என்று துள்ளினார். அவள் முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. மைக் கழியைத் தூக்கி அவன் முதுகில் அடித்தேன், அடித்தேன், கழி இரண்டாக முறிந்தது. அப்புறம்தான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? விளக்குக்காரர்கள் அவனை மிதித்ததில் விலா இரண்டு போயிற்று. நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கேட்டேன்.

“நிஜமாவே கத்தி வெச்சியா அக்கா?”

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பல்லிடுக்கில், “இல்ல. அவன் முகம் எப்படிப் போகுதுன்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். பார்த்துட்டேன்” என்றாள்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நான் கொண்டுபோன ஒலிப்பதிவைக் கேட்டார். உரிதியாவின் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“கட்டைவிரல் கட்டா? என் பொண்டாட்டியே சொல்லுவா அதை. எத்தனை நாடகத்தில பார்த்தாச்சு! இந்தம்மா சின்ன வயசில டிவியில பார்த்ததைத் தன் அம்மா மேல போட்டுக் குழப்பிக்கிட்டாங்க. அடிதடின்னு வேணா எழுதிக்கிறேன்.”

உடேஸேயின் வக்கீலும் அதையேதான் சொன்னார். 'எந்தக் கையில' என்று கேட்டது நடிகர் உணர்ச்சிவசப்பட்டுச் சேர்த்த வசனமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. உலகத்தில் இரண்டே பேர் அறிந்த ஒன்றை, படத்துக்குப் படம் திருடித் திருடி ஊர்ச் சொத்தாக்கிவிட்டார்கள். இனி அது சாட்சியம் இல்லை, பொழுதுபோக்கு. கோசியோ அதற்குள், செத்தவன் கண் திறந்து அடிக்கிற மாதிரி அடுத்த கதைக்கு ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்துவிட்டான். தாள்களைப் பிடுங்கிக் கிழித்து அவன் வாயிலேயே திணித்தேன்.

எக்கேமா தாடை கூடி வேலைக்குத் திரும்பினாள். உடேஸேயைப் பற்றி ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. வந்த வாய்ப்பையெல்லாம் தள்ளிவிட்டான். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டான். கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. குளிக்கும்போதுகூட மனைவி வாசலில் நிற்க வேண்டும். உரிதியாவைப் புதைத்த இடம் அவள் அண்ணன்மார் வீட்டு வளவுக்குள் இருந்தது. ஒரு நாள் மண்வெட்டியோடு அங்கே போய் நின்றிருக்கிறான். கல்லால் அடித்துத் துரத்தியிருக்கிறார்கள்.

பிறகு அவன் மனைவி மேரிரோஸ் எங்கள் படப்பிடிப்புக் கொட்டகைக்கு வந்தாள். தலையில் சேனைக் கூடை, முகத்தில் தூக்கமே இல்லை. எக்கேமா முன்னால் மண்டி போட்டுவிட்டாள்.

“எந்திரிங்கம்மா” என்றாள் எக்கேமா.

“ஒரு வார்த்தை சொல்லு மகளே. உங்கம்மாகிட்ட கத்தி இருக்கா, இல்லையா? அவர் கண்ணை மூடினா அவ நிக்கிறாளாம். இல்லைன்னு சொன்னா தூங்கிடுவார். இருக்குன்னா அதுக்கும் ஏதாவது பரிகாரம் பண்ணுவோம். தெரியாம கிடக்கறதுதான் அவரைத் தின்னுது.”

“அவருக்கு எதுக்கும்மா இந்தக் கவலை? எங்கம்மா கையில கத்தி இருந்தா, பயப்பட வேண்டியவன் அவளைக் கொன்னவன்தானே?”

மேரிரோஸ் கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். அவளுக்கு அது ஏற்கெனவே தோன்றியிருக்க வேண்டும். கண்ணில் தெரிந்தது.

“அவர் வரட்டும்” என்றாள் எக்கேமா. “இங்க, இத்தனை பேருக்கு முன்னாடி, அவர் வாயாலயே கேட்கட்டும். உண்மையைச் சொல்றேன். வேற யார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

மேரிரோஸ் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவன் வரமாட்டான் என்று நான் பந்தயம்கூடக் கட்டத் தயாராக இருந்தேன். வந்தான். நண்பகல் வெயில், சந்தைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தோம். காக்கிச் சட்டை போட்ட துணை நடிகர்கள் ஒரு பக்கம், எங்களுக்குக் காவலுக்கு வந்த நிஜப் போலீஸ்காரர் ஒரு பக்கம். எக்கேமா ஒரு பையனின் வயிற்றில் குடலை ஒட்டிக்கொண்டிருந்தாள். உடேஸே கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து வந்தான். பாதி உடம்பு கரைந்துபோயிருந்தது. கைகள் அக்குளுக்குள் ஒளிந்திருந்தன. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

“கேளுங்க” என்றாள் எக்கேமா.

“கத்தி வெச்சியா?”

“காதில விழல. முழுசா கேளுங்க. எப்ப?”

அவன் சுற்றிலும் பார்த்தான். “நான்... நான் போனதுக்கு அப்புறம்.”

“என்ன பண்ணிட்டுப் போனதுக்கு அப்புறம்?”

“கட்டிட்டுப் போனதுக்கு அப்புறம்.”

“யாரை?”

“உரிதியாவை.”

“அதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?”

“வெட்டினேன்!” என்று கத்தினான். “முற்றத்தில எல்லார் முன்னாடியும் அறைஞ்சா. அவ அறைக்குள்ள நுழைஞ்சேன்னு அறைஞ்சா. பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. வெட்டினேன், கட்டினேன், போனேன்! இப்ப சொல்லு. நீ அவிழ்த்தியே, அதுக்கப்புறம் கத்தி வெச்சியா? எந்தக் கையில வெச்சே?”

போலீஸ்காரர் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினார். கோசி வாயைப் பிளந்து நின்றான். யாரோ ஒரு பெண் விசும்பினாள். எக்கேமா கையிலிருந்த சாயத்தைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“இல்ல” என்றாள். “கத்தியெல்லாம் எதுவும் வைக்கல.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தில் நிம்மதி வந்தது. அதைப் பார்த்தபோது அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு. எக்கேமா அவன் பக்கம் திரும்பவே இல்லை. எங்களையெல்லாம் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். வேனில் அன்று என்னிடம் சொல்லாமல் விட்டது அதுதான்.

“எனக்கு ஒன்பது வயசு. கத்தி வைக்கணும்னெல்லாம் யாருக்குத் தெரியும்? கட்டை அவிழ்த்தும் அவ எந்திரிக்கல. கை சில்லுன்னு இருந்துச்சு. குளிருதுபோலன்னு என் கையை அவ கைக்குள்ள வெச்சு மூடிக்கிட்டேன். பக்கத்திலயே படுத்துத் தூங்கிட்டேன்.”